பேஸ் கட்டும் முன் ரெய்டருடைய கணக்கைப் போட்டுப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சரியாக விடியாத நேரம். அண்ணன் மகன் போன் செய்தான். காரைக்குடியில் கல்லூரி முதல் வருடம் படிக்கிறான். "சித்தப்பா, எல்லாம் போச்சு" என்றான். வீட்டில் யாருக்கு என்னவோ என்று பதறிவிட்டேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ரஸ்ட் என்ற இணைய விளையாட்டில் அவன் கட்டி வைத்திருந்த பேஸை, அதாவது சரக்கு வைக்கும் வீட்டை, ராத்திரியில் யாரோ உடைத்து, பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு நாள் உழைப்பு.

"மூணு இரும்புக் கதவு போட்டிருந்தேன் சித்தப்பா. மூணுக்கும் நம்பர் போட்டுத் திறக்கிற கோட் லாக். ஒரு கதவுலகூட கை வைக்கல. எப்படி உள்ள வந்தாங்க?"

படம் அனுப்பச் சொன்னேன். முன்பக்கம் மூன்று கதவுகளும் பூட்டியது பூட்டியபடி நின்றன. பின்பக்கம் ஒரே ஒரு கல் சுவரைக் காணோம். அது இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த வகை விளையாட்டுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதல் வாரத்தில் இதே தவறைத்தான் செய்கிறார்கள். கதவை நம்பி வீடு கட்டுகிறார்கள்.

முதலில், இந்த விளையாட்டுகளைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சர்வைவல் விளையாட்டு என்றால், கையில் ஒன்றுமில்லாமல் ஒரு தீவிலோ காட்டிலோ கண் விழிப்பீர்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, வீடு கட்டி, கருவி செய்து பிழைக்க வேண்டும். அதே உலகில் நூற்றுக்கணக்கான நிஜ மனிதர்களும் இருப்பார்கள். நீங்கள் பகலெல்லாம் வெட்டிச் சேர்த்ததை வெடி வைத்து எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி உண்டு. சேர்த்து வைக்கும் இடம் பேஸ். அதை உடைத்து எடுப்பது ரெய்டு, எடுப்பவன் ரெய்டர். உள்ளே இருக்கும் சரக்கு லூட். ரஸ்ட் 2013 டிசம்பரில் முன்னோட்டமாக வந்து 2018 பிப்ரவரியில் முழுமையாக வெளியானது. ஆர்க், கோனன் எக்ஸைல்ஸ், டேஇசட் எல்லாம் இதே குடும்பம். கீழே வரும் எண்கள் எல்லாம் ரஸ்ட்டில் நெடுநாளாக நிலைத்திருப்பவை. கணக்குப் போடும் முறை மற்ற விளையாட்டுகளுக்கும் அப்படியே பொருந்தும்.

என் அப்பாவுக்குக் கானாடுகாத்தானில் தச்சு வேலை. பெரிய வீடுகளின் சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வருவதற்கு முன்னால், வீட்டைப் பார்த்துச் சரிசெய்ய அப்பாவைக் கூப்பிடுவார்கள். உளிப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். அந்த வீடுகளின் தலைவாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பர்மாத் தேக்கு, செதுக்கிய நிலை, ஒரு சாண் நீளத்துக்குச் சாவி. நான் அதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா கதவைத் தொடவே மாட்டார். முதலில் வீட்டைச் சுற்றி நடப்பார். முன் தெருவில் தொடங்கும் வீடு பின் தெருவில் போய் முடியும் என்பதால் அது கொஞ்ச தூரமில்லை. பின்கட்டுக்கு வந்ததும் கூரை ஓடுகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

"திருடன் தேக்குக் கதவுகிட்ட ஏன்டா வர்றான்? ஓட்டைப் பிரிச்சு இறங்குனா அஞ்சு நிமிஷம்" என்பார்.

பேஸ் பாதுகாப்பின் மொத்தப் பாடமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ரெய்டர் நீங்கள் காட்டும் வழியில் வரமாட்டான். எந்த வழியில் செலவு குறைவோ அந்த வழியில் வருவான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்குப் போவோம். ரஸ்ட்டில் வெடிபொருள் எல்லாவற்றுக்கும் அடிப்படை கந்தகம். பாறை பாறையாகத் தேடி வெட்டி, உலையில் போட்டு உருக்கி, கரியோடு சேர்த்து வெடிமருந்தாக்கி, அதிலிருந்து குண்டு செய்ய வேண்டும். ஒரு சி4 குண்டுக்கு மொத்தம் 2200 கந்தகம் போகிறது. ஒரு ராக்கெட்டுக்கு 1400. சாட்செல் என்ற பை வெடிக்கு 480. ஒரு கந்தகப் பாறையை நல்ல கருவியால் முழுதாக வெட்டினால் 300 தாது கிடைக்கும். அதாவது ஒரே ஒரு சி4 செய்ய ஏழெட்டுப் பாறைகளை வெட்ட வேண்டும். அப்படி அலையும்போது யாராவது சுட்டுவிட்டால் அத்தனையும் போச்சு. ரெய்டருக்கும் வலி உண்டு. நம் வேலை அந்த வலியைக் கூட்டுவது.

இப்போது சுவர்கள். எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் எண் உயிர்ப்புள்ளி. மரச் சுவருக்கு 250 உயிர்ப்புள்ளி, கல்லுக்கு 500, இரும்புத் தகட்டுக்கு 1000, கவசச் சுவருக்கு 2000. கல் சுவர் விழ 2 சி4 வேண்டும். தகட்டுச் சுவருக்கு 4. கவசச் சுவருக்கு 8. அதே பொருளில் செய்த கதவு எப்போதும் சுவரைவிட மெலிந்தது. தகட்டுக் கதவுக்கு 250 உயிர்ப்புள்ளிதான், ஒரு சி4 போதும். மேலே சுருண்டு ஏறும் கராஜ் கதவுக்கு 600, அதற்கு 2 சி4.

அண்ணன் மகனின் பேஸுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முன்வாசல் வழியாக வந்தால் மூன்று தகட்டுக் கதவு. மூன்று சி4, 6600 கந்தகம். சாட்செல் வைத்தால் கதவுக்கு நான்காகப் பன்னிரண்டு, 5760 கந்தகம். பின்பக்கம் பெட்டி அறைக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் ஒரே கல் சுவர். இரண்டு சி4, 4400. வந்தவன் சுற்றி நடந்திருக்கிறான், என் அப்பா நடந்ததைப் போல. முப்பது வினாடியில் கணக்கைப் போட்டிருப்பான். நாலாவது கதவு போட்டிருந்தாலும், பத்துக் கதவு போட்டிருந்தாலும், அவனுக்கு அதே 4400தான்.

ஆகவே பேஸின் பலம் என்பது அதன் மிகக் குறைந்த செலவுள்ள வழியின் பலம். கட்டி முடித்ததும் ரெய்டராக நீங்களே மாறி, ஒரு தாளில் எழுதுங்கள்: கதவு வழி எவ்வளவு, சுவர் வழி எவ்வளவு, கூரை வழி எவ்வளவு, அடித்தளத்தின் வழி எவ்வளவு. மிகச் சின்ன எண் எதுவோ அதைத்தான் அடுத்து உயர்த்த வேண்டும். மற்றதில் போடும் கல்லும் இரும்பும் வீண். இந்தத் தாளை நான் இன்றும் எழுதுகிறேன். வரவு செலவு எழுதிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம், இது கைவந்த வேலைதான்.

சுவர் வழியின் எண்ணை உயர்த்த மலிவான உபாயம் ஒன்று உண்டு. அதற்கு ஹனிகோம்ப் என்று பேர். தேன்கூடு. உங்கள் சரக்கு இருக்கும் நடு அறையைச் சுற்றி, வெறும் அறைகளாக இன்னொரு அடுக்கு. பெரும்பாலும் முக்கோண அஸ்திவாரம் வைத்து, வெளியே சுவர் எழுப்பி, மேலே மூடிவிடுவார்கள். அந்த அறைகளில் எதுவும் இருக்காது. கதவும் இருக்காது. அதன் வேலை ஒன்றுதான்: உள்ளே வருகிறவன் ஒரு சுவருக்குப் பதில் இரண்டு சுவர் உடைக்க வேண்டும். 4400 என்பது 8800 ஆகிவிடும். உங்களுக்கு ஆகும் செலவைப் பாருங்கள். ஒரு கல் சுவருக்கு 300 கல். அவனுக்கு அதே சுவருக்கு 4400 கந்தகம். இந்த ஏற்றத்தாழ்வு கட்டுகிறவனுக்கு விளையாட்டு கொடுத்திருக்கும் சீதனம். புதியவர்கள் இதை வாங்கிக்கொள்ளாமல் விடுவதைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை.

சுவர் வழி 8800 ஆனபின் தாளைத் திரும்பப் பாருங்கள். இப்போது மூன்று தகட்டுக் கதவுதான் மலிவு வழி. அப்போதுதான் கதவைக் கவனிக்க வேண்டும். இரண்டு கராஜ் கதவு சி4 கணக்கில் 8800, ராக்கெட் கணக்கில் 8400. சுவரும் கதவும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்துவிட்டன. இந்தச் சமநிலையைத்தான் தேட வேண்டும். ஒரு பக்கம் கோட்டையும் ஒரு பக்கம் கீற்றுக் கொட்டகையுமாக இருந்தால் அவன் கொட்டகை வழியாக வந்து கோட்டைக்குள் நிற்பான்.

ராக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பட்ட இடத்தை மட்டும் தாக்காது, சுற்றிலும் சேதம் பரப்பும். இரண்டு சுவர் சேரும் மூலையில் அடித்தால் இரண்டுக்கும் அடி விழும். அடுத்தடுத்து நெருக்கமாக வைத்த கதவுகளும் அப்படித்தான். எனவே கதவுகளை ஒரே நேர்கோட்டில் வரிசையாக வைக்காமல், வழியை வளைத்து வைப்பது நல்லது. செட்டிநாட்டு வீட்டில் தலைவாசலில் நின்றால் வளவு என்ற நடு முற்றம், இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே பார்வையில் தெரியும். காற்றுக்கும் அழகுக்கும் அதைவிடச் சிறந்த அமைப்பு எனக்குத் தெரியாது. விளையாட்டில் மட்டும் அதைப் பின்பற்றாதீர்கள்.

ஆனால் அந்த வீட்டிலிருந்து அவசியம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தெருவிலிருந்து வருகிறவர் நேரே வளவுக்குள் கால் வைப்பதில்லை. திண்ணை, முகப்பு, அதற்கப்புறம்தான் வளவு. யார் வந்தாலும் முகப்போடு நிறுத்திப் பேசி அனுப்பிவிட முடியும். ரஸ்ட்டில் இதற்கு ஏர்லாக் என்று பெயர். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன முக்கோண அறை. வெளிக்கதவைத் திறந்து நுழைந்து, அதைச் சாத்திவிட்டு, அப்புறம் உள்கதவைத் திறப்பீர்கள். எதற்கு இவ்வளவு சிரமம்? கதவருகே புதரில் ஒருவன் பதுங்கியிருப்பான். நீங்கள் திறக்கும் நொடியில் சுட்டுவிட்டு, திறந்த கதவு வழியாக உள்ளே ஓடுவான். அவனுக்கு ஒரு கந்தகம்கூடச் செலவில்லை. ஏர்லாக் இருந்தால் அவனுக்குக் கிடைப்பது உங்கள் உடம்பில் இருந்ததும் அந்த வெற்று முக்கோணமும்தான். என் அனுபவத்தில் புதியவர்கள் குண்டுக்குப் பறிகொடுப்பதைவிடத் திறந்த கதவுக்குப் பறிகொடுப்பதுதான் அதிகம். பேஸில் முதன்முதலாகக் கட்ட வேண்டியது இது.

அடுத்து, டூல் கப்போர்டு. எல்லோரும் டி.சி. என்பார்கள். பார்க்க ஒரு மர அலமாரி. பேஸின் உயிர் அதில்தான். அதில் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவர்கள்தான் அந்த இடத்தில் கட்டலாம். ரெய்டர் அதை உடைத்துத் தன்னுடையதை வைத்துவிட்டால், உங்கள் வீட்டுக்குள் அவன் சுவர் எழுப்பலாம், நீங்கள் எழுப்ப முடியாது. சொந்த வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். எனவே டி.சி.யை நடுவில், அதிகபட்சக் கதவுகளுக்கும் சுவர்களுக்கும் பின்னால் வையுங்கள். முக்கியமான பெட்டிகளை அதே அறையில் வைக்காதீர்கள். ஒரே அறையை உடைத்தால் இரண்டும் கிடைக்கும் என்றால் அவன் கணக்கு சுலபமாகிவிடும்.

டி.சி.க்குள் கல், மரம், இரும்பு போட்டுவைக்க வேண்டும். பராமரிப்புச் செலவாக அது தானே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். தீர்ந்துவிட்டால் வீடு சிதைய ஆரம்பிக்கும். கல் சுவர் 5 மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் போகும். பரீட்சை, திருவிழா என்று இரண்டு நாள் ஊரில் இல்லாவிட்டால் வெடியே இல்லாமல் பேஸ் திறந்து கிடக்கும். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஒரு ஓடு நகர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால், மழைத் தண்ணீர் உத்தரத்தில் இறங்கி, அப்புறம் அந்தக் கட்டே உட்கார்ந்துவிடும். அப்பா அப்படி விழுந்த கட்டுகளைப் பற்றி வீட்டில் பேசும்போது குரலே மாறும். விளையாட்டில் லாக்-அவுட் செய்வதற்கு முன் டி.சி.யைத் திறந்து, எத்தனை மணி நேரம் மீதி என்று அது காட்டுவதைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இதுவரை சொன்னதெல்லாம் ரெய்டரின் செலவுப் பத்தி. வரவுப் பத்தியும் நம் கையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. 8800 கந்தகம் செலவழித்து உள்ளே வந்தவனுக்கு ஒரே அறையில் உங்கள் சொத்து முழுவதும் கிடைத்தால் அவனுக்கு லாபம். பாதிதான் கிடைத்தால், மீதிக்கு இன்னும் இரண்டு சுவர் உடைக்க வேண்டும் என்றால், நின்று யோசிப்பான். வளவைச் சுற்றி இருக்கும் அறைகளை நினைத்துப் பாருங்கள். மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஓர் அறை, அவரவர் சாமான் அவரவர் அறையில், அவரவர் பூட்டில். அதே மாதிரி துப்பாக்கி ஓர் இடம், கந்தகம் ஓர் இடம், துணியும் மருந்தும் ஓர் இடம் என்று பிரித்துவையுங்கள். மிக உயர்ந்த சில பொருள்களைப் பேஸுக்குள்ளேயே வைக்க வேண்டாம். ஸ்டாஷ் என்ற சின்னப் பையை மண்ணில் புதைத்து வைக்கலாம். புதைத்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பாறையையோ மரத்தையோ அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். ரெய்டு நடந்த மறுநாள் காலையில், அந்தப் பையில் இருக்கும் ஒரு துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாவும்தான் திரும்ப எழுந்திருக்கத் தெம்பு தரும்.

கந்தகத்தைச் சேர்த்துவைக்காமல் செலவழிப்பதும் பாதுகாப்புதான். பெட்டியில் தூங்கும் கந்தகம் ரெய்டருக்கு முதலீட்டைத் திருப்பிக் கொடுக்கும் பணம்.

முகப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வீடுகளின் அழகே முகப்பில்தான். தூண், சுதைச் சிற்பம், வண்ணக் கண்ணாடி. எட்டத்திலிருந்து பார்த்தாலே உள்ளே இருப்பவரின் நிலை தெரியும். அந்த வீடுகள் அப்படி நிற்க முடிந்ததற்குக் காரணம், அவை தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் பங்காளி வீடு, எதிரே சம்பந்தி வீடு, தெருமுனையில் ஊருணிக் கரையில் எப்போதும் ஆள் நடமாட்டம். விளையாட்டில் உங்களுக்குத் தெரு கிடையாது. நாலு மாடி எழுப்பி, வெளியே வேலி போட்டு, விளக்கு வைத்தால் "உள்ளே இருக்கிறது" என்று பலகை மாட்டிய மாதிரி. தனியாகவோ இரண்டு பேராகவோ விளையாடுகிறவர்கள் தாழ்வாக, சின்னதாக, சாதாரணமாகக் கட்டுங்கள். சாலையிலிருந்து விலகி, மரங்களுக்கு நடுவில், இரண்டு பெரிய பேஸ்களுக்கு மத்தியில் பரிதாபமாகத் தெரியும் வீட்டில் ராக்கெட்டை வீணாக்க யாரும் விரும்பமாட்டார்கள். யாராவது துரத்தினால் நேரே வீட்டுக்கு ஓடாதீர்கள். இருக்கும் இடத்தை நீங்களே காட்டிக்கொடுத்துவிடுவீர்கள்.

பூட்டு. கோட் லாக்குக்கு நான்கு இலக்கம், மொத்தம் 10,000 சேர்க்கைகள். 1234, பிறந்த வருடம் வேண்டாம். தவறான எண் போட்டால் ஷாக் அடிக்கும் என்பதால் யாரும் வரிசையாக முயன்று பார்க்கமாட்டார்கள். உங்கள் டீமிலிருந்து கோபித்துக்கொண்டு போனவன்தான் எண்ணோடு வருவான். அவன் போன அன்றே எல்லாப் பூட்டையும் மாற்றி, டி.சி.யில் பெயர்ப் பட்டியலை அழித்துவிட்டு, உங்கள் பெயரை மட்டும் போடுங்கள்.

பொறிகளைப் பற்றி எல்லோரும் ஆர்வமாகக் கேட்பார்கள். எனக்கு அவற்றின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. ஏர்லாக்கின் உள்ளே கதவைப் பார்த்து ஒரு ஷாட்கன் டிராப் வைத்தால், திறந்த கதவில் பாய்கிறவனை அது நிறுத்தும். மின்சாரம் வேண்டாம், தோட்டா போட்டால் போதும். அது நல்ல செலவு. தானாகச் சுடும் ஆட்டோ டரெட்டுக்கு மின்சாரம், தோட்டா, துப்பாக்கி எல்லாம் வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் பொம்மை. ஆர்க் விளையாட்டில் இன்னும் மோசம். உயிர் அதிகமுள்ள பெரிய டைனோசரை டரெட்டுகளுக்கு முன்னால் நிறுத்தி, தோட்டா முழுவதையும் அதன் மேல் வாங்கித் தீர்த்துவிட்டு, அப்புறம் நிதானமாக வருவார்கள். பொறி என்பது சுவருக்குத் துணை. சுவர் கட்டாமல் பொறி வாங்காதீர்கள்.

நேரமும் ஒரு சுவர்தான். ரஸ்ட்டில் நீங்கள் வெளியேறினாலும் உங்கள் உடம்பு உள்ளே தூங்கிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத நேரம் பார்த்து உடைப்பதை ஆஃப்லைன் ரெய்டு என்பார்கள். நம்மில் பலர் சிங்கப்பூர் சர்வரில், அங்கே இருக்கும் சொந்தக்காரப் பையன்களோடு சேர்ந்து விளையாடுகிறோம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இதைக் குறையாகப் பார்க்காமல் காவல் முறையாகப் பாருங்கள். அங்கே இருப்பவன் சீக்கிரம் தூங்கி சீக்கிரம் எழுந்தால், நீங்கள் தூங்கும் விடிகாலையில் அவன் உள்ளே இருப்பான். டீம் சேர்க்கும்போது சுடும் திறமையோடு தூங்கும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோனன் எக்ஸைல்ஸ் சர்வர்களில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ரெய்டு செய்ய முடியும் என்ற ஏற்பாடு உண்டு. ஆர்க்கில் ஆஃப்லைன் பாதுகாப்பு வைத்த சர்வர்களும் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் இவற்றைச் சொல்வேன்.

சத்தத்தையும் கணக்கில் சேருங்கள். வெடிச் சத்தம் வெகுதூரம் கேட்கும். அதைக் கேட்டு இன்னொரு கூட்டம் வந்து, ரெய்டர் அள்ளிய சரக்கையும் அவன் துப்பாக்கியையும் பறித்துக்கொண்டு போவது அன்றாடம் நடப்பது. உங்கள் பேஸில் இரண்டு வெடியில் வேலை முடிந்தால் யாரும் வந்து சேர்வதற்குள் அவன் போய்விடுவான். பத்து வெடி வேண்டுமென்றால், ஒவ்வொரு வெடிக்கும் அவனுக்குப் பயம் கூடும். ஹனிகோம்ப் கந்தகத்தை மட்டும் செலவழிக்க வைக்கவில்லை, ஊரையும் கூட்டுகிறது.

நீங்கள் உள்ளே இருக்கும்போதே ரெய்டு தொடங்கினால்? முதல் வெடி கேட்டதும் எல்லோரும் துப்பாக்கியோடு வெளியே ஓடுவார்கள். ஓடாதீர்கள். வெளியே அதற்காகவே ஒருவன் குறி பார்த்துக் காத்திருப்பான். முதலில் எந்தப் பக்கம் வெடித்தது என்று கேளுங்கள். அடிபட்ட சுவரை உடனே பழுதுபார்க்க விளையாட்டு விடாது. அதற்குப் பதில் அதன் பின்னால் புதிய சுவர் எழுப்பிக் கல்லாக்குங்கள். டி.சி. உங்கள் கையில் இருக்கும்வரை இது முடியும். கையில் 2000 கல் எப்போதும் தனியாக இருக்கட்டும், இதற்கென்றே. ஒரு சுவர் எழுப்ப உங்களுக்கு நொடிகள் போதும். அதை உடைக்க அவனுக்கு இன்னும் 4400. அவன் கொண்டுவந்த வெடி எண்ணி எடுத்து வந்தது. இரண்டு சுவர் கூடுதலாக முளைத்தாலே பல பேர் பாதியில் திரும்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பேஸுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் ஒரு தூங்கும் பையை ஒளித்துவைத்திருந்தால், செத்தாலும் அங்கே எழுந்து அவர்கள் முதுகுப்பக்கம் வரலாம்.

ரஸ்ட்டில் மாதத்துக்கு ஒருமுறை, முதல் வியாழக்கிழமை, உலகம் முழுவதும் அழிந்து புதிதாகத் தொடங்கும். அதை வைப் என்பார்கள். அண்ணன் மகன் அந்த வியாழனுக்காகக் காத்திருந்தான். இந்தத் தடவை முதல் இரண்டு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தான். ஒரு நடு அறை, முக்கோண ஏர்லாக், டி.சி., எல்லாம் கல். அப்புறம் சுற்றிலும் ஹனிகோம்ப். கராஜ் கதவு கிடைக்கும்வரை தகட்டுக் கதவு. பெட்டியை நிரப்புவது அதற்கப்புறம்.

மறுநாள் ராத்திரி பத்து மணிக்குப் படங்கள் அனுப்பினான். தாளும் அனுப்பினான், நான்கு வழிக்கும் எண் எழுதி. கூரை வழியை மறக்கவில்லை. பின்கட்டு ஓட்டைப் பார்க்கும் அப்பாவின் கண் பேரனுக்கு வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். வடக்குப் பக்கம் ஒரு கல் சுவர் மட்டும் பக்கத்துச் சுவர்களைப் போல இல்லை. உள்பக்கம் வெளியே தெரிந்தது.

ரஸ்ட்டில் சுவருக்கு இரண்டு முகம். வெளிமுகம் கடினம். உள்முகம் மென்மை, பாறை உடைக்கும் ஜாக்ஹாமரோ சில பிக்காக்ஸோ இருந்தால் வெடியே இல்லாமல் தட்டித் தட்டி உடைத்துவிடலாம். அந்த ஒரு சுவரால் அவன் எழுதிய 8800 பாதியாகிவிட்டது. போன் செய்தேன்.

"வடக்குச் சுவரைத் திருப்பிப் போட்டிருக்கடா. எப்ப வச்ச?"

சுவரை வைத்ததிலிருந்து பத்து நிமிடத்துக்குள்தான் அதைச் சுத்தியலால் திருப்ப முடியும்.

"சாப்பிடப் போறதுக்கு முன்னாடி, சித்தப்பா."

அப்படியென்றால் திருப்ப முடியாது. "சரி, கல் எவ்வளவு வச்சிருக்க?"

"தொள்ளாயிரம்."

"அந்தச் சுவருக்கு வெளிய ஒரு முக்கோணம் வை. ரெண்டு சுவர் எழுப்பு. இந்தத் தடவை வெளியில போய் நின்னு பார்த்துட்டு வந்து படு."